உடற்கூற்றைத் தமிழில் கற்பித்த மருத்துவர்

நுழையும்முன்

கழுத்தின் அடியிலிருந்து தோளை நோக்கிக் குறுக்காகச் செல்லும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்குத் தமிழில் காறை எலும்பு என்று பெயர். காறை என்பது கழுத்தில் அணியும் அணிகலன். அணிகலன் தங்கும் இடத்திலுள்ள எலும்பு அவ்வணிகலனின் பெயரையே பெற்றிருக்கிறது. அதே எலும்பை இலத்தீன் மொழியினர் சிறு சாவி என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். எலும்பு ஒன்றே, அதைக் கண்ட கண்கள் வேறு. மனித உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் தேடி வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு மருத்துவரின் வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம். அவர் தமிழர் அல்லர். தமிழை வளர்ந்த பின்னரே கற்றவர்.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் கிரீன் ஹில் என்று வழங்கிய குன்றின்மீது கிரீன் குடும்பத்தாரின் பண்ணை அமைந்திருந்தது. அக்குடும்பத்தில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பிறந்தார். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரின் வளர்ச்சிக்குப் பெரும்பணி ஆற்றிப் புகழ்பெற்றார். தமையனார் ஒரு மாநகரை உருவாக்குவதில் ஈடுபட்டார். தம்பியோ கடல் கடந்து ஒரு சிற்றூரைத் தேடிச் சென்றார்.

சாமுவேல் கிரீன் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். கிறித்தவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர், மருத்துவத் தொண்டும் சமயத் தொண்டும் ஒருங்கே ஆற்ற விரும்பினார். இலங்கையின் வடபகுதியாகிய யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816 முதல் பள்ளிகளை நடத்தி வந்தது. அங்கு முன்னர்ப் பணிபுரிந்த ஜான் ஸ்கட்டர் என்னும் மருத்துவர் பின்னர்ச் சென்னைக்குச் சென்றுவிட்டார். வேலூரில் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் அவருடைய பேத்தியே ஆவார். யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தொண்டைத் தொடர 1847-இல் கிரீன் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்துதான்.

மானிப்பாயில் மருத்துவப் பணி

யாழ்ப்பாண நகரை அடுத்துள்ள மானிப்பாய் என்னும் ஊரில் 1848-இல் கிரீன் தம் மருத்துவப் பணியைத் தொடங்கினார். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து நோயாளிகள் நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தனர். கட்டி, புண், கண்நோய், காய்ச்சல் எனப் பலவகைப் பிணிகளோடு வந்தவர்கள் அவர்கள். பனைமரங்கள் நிறைந்த அந்நாட்டில் மரத்திலிருந்து வீழ்ந்து எலும்பு முறிவதும் அரிதன்று. கொடிய காலரா நோயும் காலந்தோறும் பரவி உயிர்களைக் கொள்ளைகொண்டது.

அத்தனை மக்களுக்கும் ஒரே மருத்துவர் போதுமானவராக இருக்க முடியாது. இதனை நன்கு உணர்ந்த கிரீன், அவ்வூர் இளைஞர் சிலரைத் தேர்ந்தெடுத்து மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவர்களும் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்களாக இருந்தனர். ஆகவே அதில் எவ்வித இடையூறும் இருப்பதாக முதலில் தோன்றவில்லை.

ஆண்டுகள் சில கடந்த பின்னரே இடையூறு புலப்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் பலர் அரசுப் பணியையும் நகர வாழ்வையும் நாடிச் சென்றனர். அவர்களுள் பலருக்கு உடையும் பழக்கவழக்கமும் மாறின. எந்த ஊர் மக்களுக்காக அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்களோ அந்த ஊரில் மருத்துவர் இல்லாத நிலையே நீடித்தது. இதனைக் கண்ட கிரீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர். நோயாளியின் மொழியிலேயே நோயை விளக்குவர். தம் மக்களிடமிருந்து விலகமாட்டார் என்று அவர் நம்பினார். தம் மாணவர்கள் தமிழருக்குரிய உடையிலும் உணவிலுமே தொடர்ந்து வாழ வேண்டும் என்பதும் அவருடைய விருப்பமாக இருந்தது.

சொற்களைத் தேடும் உழைப்பு

முடிவு செய்வது எளிது. அதனை நிறைவேற்றுவது அரிது. தமிழில் மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்க நூல்கள் இல்லை. நூல்கள் எழுத வேண்டுமாயின் அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்கள் வேண்டும்.

தமிழில் உடலுறுப்புப் பெயர்கள் இல்லாமல் இல்லை. எலும்பு, மூளை, விலா, தொடை, முதுகு என்பன பழமையான சொற்களே. நாட்டு மருத்துவ நூல்களிலும் மக்கள் பேச்சிலும் பல பெயர்கள் வழங்கி வந்தன. ஆயினும் அன்றாடப் பேச்சுக்குப் போதுமான சொல் அறுவை மருத்துவருக்குப் போதாது. கால் என்னும் சொல் இடுப்பிலிருந்து விரல்நுனி வரை முழுவதையும் குறிக்கும். காலில் எலும்பு முறிந்தது என்று மட்டும் கூறினால், முறிந்த எலும்பு எது என்பது விளங்காது. ஏனெனில் ஒரு காலில் மட்டும் முப்பது எலும்புகள் உள்ளன.

நரம்பு என்னும் சொல்லோ இன்னும் சிக்கலானது. யாழின் தந்தியும் நரம்பு. கையில் பச்சையாகத் தெரியும் குருதிக் குழாயும் பேச்சு வழக்கில் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு. மூளையிலிருந்து செய்தி கொண்டு செல்லும் இழையும் நரம்பு. அறுவை செய்யும் மருத்துவர் இவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் நோயாளியின் உயிருக்கே கேடு நேரும். ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வரையறுப்பது இன்றியமையாததாயிற்று.

கிரீன் இதற்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் பொருத்தமான சொல் உண்டா என்று தேடினார். கிடைக்காவிடில் வடமொழியில் தேடினார். அங்கும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டார். இம்மூன்று வழிகளின் தடங்களையும் அவருடைய நூல்களின் பெயர்களிலேயே காணலாம். உடலுறுப்புகளைப் பற்றிய நூலைக் குறிக்க அங்காதிபாதம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார். புண்ணைக் குறிக்கும் இரணம் என்னும் சொல்லைக் கொண்டு அறுவை மருத்துவ நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயரிட்டார். வேதியியல் நூலுக்கோ ஆங்கிலச் சொல்லையே தமிழ்ப்படுத்திக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தார்.

இப்பணியை அவர் தனியே செய்யவில்லை. டான்போர்த், சாப்மன் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றனர். பெயரைக் கண்டு அவர்களை அயல்நாட்டவர் என்று எண்ணலாகாது. அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்களே. மிஷன் பள்ளியில் பயின்ற மாணவர்களுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அமெரிக்கப் பெயர் தாங்கிய தமிழர்களும் தமிழ் கற்ற அமெரிக்கரும் கூடியிருந்து உழைத்ததன் பயனாக இந்நூல்கள் உருவாயின.

தமிழ் மருத்துவ வகுப்பு

கிரீன் 1850-களின் இறுதியில் தாயகம் சென்று, 1862-இல் தம் மனைவி மார்கரெட்டுடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவம் தமிழ் வழியில் கற்பிக்கப்பட்டது. ஒரு கையில் பாடம் கற்பித்தலும் மறு கையில் நூல் எழுதுதலுமாக அவருடைய நாள்கள் கழிந்தன. இடையே நோயாளிகளையும் கவனித்தார்.

உடலமைப்பையும் நலவாழ்வையும் பற்றிய நூலும், மகப்பேற்று மருத்துவ நூலும் முன்னரே வெளிவந்திருந்தன. 1867-இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூல் அச்சேறியது. இது ஹென்றி கிரே என்னும் ஆங்கில மருத்துவர் 1858-இல் இலண்டனில் வெளியிட்ட உடற்கூற்று நூலின் தமிழாக்கம். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் பயிலும் அந்நூல், வெளிவந்த பதினான்கே ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது.

கிரேயின் நூலுக்கு இந்தியாவோடும் தொடர்பு உண்டு. அதிலுள்ள படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் மருத்துவர். நூல் வெளிவந்த காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்து, மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். நூலாசிரியர் கிரே 1861-இல், இளமையிலேயே, பெரியம்மையால் இறந்தார்.

உடற்கூற்றியல் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் அறிய வேண்டியது எலும்புச் சட்டகம். வளர்ந்த மனிதர் உடலில் 206 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு இதனினும் மிகுதியாக, ஏறத்தாழ 300 எலும்புகள் இருக்கும். வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைகிறது. மண்டையோடு, முதுகெலும்பு, விலா எலும்புகள், மார்பெலும்பு முதலியவை சேர்ந்து அச்சுச் சட்டகம் எனப்படும். அதில் 80 எலும்புகள் உள்ளன. கை, கால் எலும்புகளும் அவற்றை உடலோடு இணைக்கும் எலும்புகளும் சேர்ந்து இணையுறுப்புச் சட்டகம் எனப்படும். அதில் 126 எலும்புகள் உள்ளன.

உடலின் மிக நீண்ட எலும்பு தொடை எலும்பு. மிகச் சிறியது நடுச்செவியில் உள்ளது. அங்கு மூன்று சிற்றெலும்புகள் ஒலியின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அவற்றுக்கு இன்று நாம் வழங்கும் பெயர்கள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்பன. சுத்தியும் பட்டடையும் கொல்லன் உலைக்களத்துக் கருவிகள். அங்கவடி குதிரைமேல் ஏறுவோர் கால் வைக்கும் வளையம். இலத்தீனிலும் இவ்வெலும்புகளுக்கு இதே பொருள் தரும் பெயர்களே வழங்குகின்றன. எலும்பின் வடிவத்தைப் பொருளின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டால், பெயரைக் கேட்டவுடன் உருவம் கண்முன் தோன்றும். தாய்மொழியில் அமைந்த கலைச்சொல்லின் பயன் இதுவே.

நிறைவேறாத எண்ணம்

1873-இல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். ஆயினும் தமிழ்ப்பணியை விடவில்லை. வூஸ்டரில் பிறந்த மனையில் இருந்துகொண்டே கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். யாழ்ப்பாணத்து மாணவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1875-இல் கெமிஸ்தமும், 1883-இல் உடலின் செயல்களை விளக்கும் மனுஷ சுகரணமும் வெளிவந்தன. அவருடைய முயற்சியால் வெளிவந்த மருத்துவ, அறிவியல் நூல்கள் யாவும் சேர்ந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டவை.

இத்தனை உழைப்பிருந்தும் அவர் விரும்பியவாறு தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் அரசு தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. அரசுப் பணிக்கும் உயர்வுக்கும் ஆங்கிலமே வாயிலாக இருந்தமையால் மாணவர்களும் பெற்றோரும் அதனையே விரும்பினர். அவர்களைக் குறைகூறுவது பொருந்தாது. எந்த மொழியில் கற்றால் வாழ்வு உயருமோ அந்த மொழியை நாடுவது இயல்பு. கிரீன் சென்ற பின்னர் மானிப்பாயிலும் தமிழ்வழிக் கல்வி தளர்ந்து மறைந்தது. கற்பிப்பாரும் கற்பாரும் இல்லாத நூல்கள் அலமாரிகளில் உறங்கின.

1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் கிரீன் வூஸ்டரில் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே தமிழர் என்னும் பெயர் தாங்கிய கல் ஒன்று அந்த அமெரிக்க ஊரில் நிற்கிறது. மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு மருத்துவமனை அமைந்துள்ளது.

விட்ட இடத்திலிருந்து

கிரீன் ஆக்கிய சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் என்றும், சுகரணம் உடலியங்கியல் என்றும், கெமிஸ்தம் வேதியியல் என்றும் வழங்குகின்றன. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அதன் பின்னரும் அறிஞர் பலர் இப்பணியைத் தொடர்ந்தனர். ஒருவர் ஆக்கிய சொல்லை மற்றொருவர் திருத்துவதும், எளிய சொல் வந்தபோது கடினமான சொல் மறைவதும் மொழி வளர்ச்சியின் இயல்பு. சொற்கள் மறைந்தாலும், இத்தகைய அறிவைத் தமிழில் எழுத இயலும் என்பதை அவர் முன்னரே நூலாகச் செய்து காட்டிவிட்டார்.

சொல் என்பதும் எலும்பைப் போன்றதே. உழைக்கும் உடலில் எலும்பு வலிமை பெறும். நெடுநாள் படுக்கையில் கிடப்பவருக்கு அது நலியும். அதுபோலப் பயன்படுத்தப்படும் சொல்லே உறுதிபெற்று நிற்கும். கிரீனின் நூல்களுக்கு நேர்ந்த குறை சொற்களின் குறையன்று. அவற்றைச் சொல்வதற்கு வாய்கள் இல்லாது போன குறையே.

சொற்பொருள்

அகவை – வயது
பிணி – நோய்
இடையூறு – தடை
இன்றியமையாத – கட்டாயம் வேண்டிய
குருதி – இரத்தம்
சட்டகம் – தாங்கி நிற்கும் அமைப்பு
பட்டடை – காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கருவி
அங்கவடி – குதிரை ஏறுவோர் கால் வைக்கும் வளையம்
பயிற்றுமொழி – கற்பிக்கப் பயன்படும் மொழி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. வளர்ந்த மனிதர் உடலில் ______ எலும்புகள் உள்ளன.
2. உடலின் மிக நீண்ட எலும்பு ______.
3. கிரீன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் ______.
4. கெமிஸ்தம் என்பது இன்று ______ எனப்படுகிறது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிரீன் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடிவு செய்தது ஏன்?
2. நரம்பு என்னும் சொல் மருத்துவருக்குச் சிக்கலாக இருந்தது எவ்வாறு?
3. கலைச்சொற்களை ஆக்கக் கிரீன் பின்பற்றிய மூன்று வழிகள் யாவை?

இ. சிந்தித்து எழுதுக.
ஆங்கில வழியில் கற்க விரும்பிய மாணவரின் பக்கமும் கிரீனின் பக்கமும் நின்று, இருவர் கருத்தையும் பத்து வரிகளில் எழுதுக.

ஈ. செயல்பாடு
ஒரு கையில் மேற்கையில் 1, முன்கையில் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 எலும்புகள் உள்ளன. மொத்தத்தைக் கூட்டுக. பின்னர் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் தலை முதல் கால் வரை உள்ள உறுப்புகளுக்கு அவர்கள் ஊரில் வழங்கும் பெயர்களைக் கேட்டுப் பட்டியலிடுக. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் எதிரே எழுதி ஒப்பிடுக.